கண்ணை மூடாத ஏழாம் நம்பர் அக்கா

ஏழாம் நம்பர் அக்காவை நான் முதன்முதலாகச் சந்தித்தபோது ஒருவர் தரையில் குப்புறக் கிடந்தார். கிடந்தது நான். என் முதுகில் முழங்காலை ஊன்றி, தலைக்கு மேலே மலையில் மழைக்குக் கட்டுகிற தன்னுடைய நீல றெக்சீன் படங்கைப் போர்த்தி, "அசையாதீங்க சேர், மூச்சுகூட விடாதீங்க" என்று காதுக்குள் சொன்னது அக்கா. அந்த நேரத்தில் மூச்சு எப்படி விடுவது என்று பதினொரு பேருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவனும் நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் வண்டவாளத்தைக் கொஞ்சம் அவிழ்த்தாக வேண்டும்.

நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பறையில் எனக்கு ஒரு பயமும் கிடையாது. நாற்பது பிள்ளைகளைத் தொண்டையாலேயே மேய்ப்பேன். ஆனால் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் ஆள் காலி. ஒரு வாணி விழாவில் நன்றியுரை சொல்ல எழும்பி, சரஸ்வதிக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்து அதிபர், பெற்றோர், பொங்கல் வைத்தவர்கள், சவுண்ட் சேர்விஸ்காரர் யாருக்கும் நன்றி இல்லை. இன்னொரு தரம் என் மைத்துனன் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். மணமக்களைப் பார்த்து, "உங்கள் துயரில் நாங்களும் பங்குகொள்கிறோம்" என்றேன். அதற்கு முதல் வாரம் ஒரு சாவு வீட்டுக்காகப் பாடமாக்கிய பேச்சு தொண்டையிலேயே மிச்சம் இருந்திருக்கிறது. என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மைத்துனன் இன்றைக்கும் போனில் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

இப்படிப்பட்ட என்னைத்தான் கண்டியில் நடந்த 'மனஅமைதியும் மேடைப்பேச்சும்' என்ற இரண்டு நாள் பயிற்சிக்கு அதிபர் அனுப்பினார். எனக்குத் தேவை என்று நினைத்து அனுப்பவில்லை, சனி ஞாயிறை விட்டுக்கொடுக்க வேறு யாரும் சம்மதிக்கவில்லை. அங்கே நாலு எண்ணி மூச்சை இழுக்கவும், நாலு எண்ணிப் பிடித்து வைக்கவும், ஆறு எண்ணி விடவும் பழக்கினார்கள். பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொன்னார்கள். பயம் வந்தால் அதை விரட்டாமல், மேகம் வந்து போவதைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டுமாம். கடைசியில் ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதை லெமினேட் பண்ணிச் சுவரில் மாட்டியது நான் செய்த தவறு.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் மாதர் சங்கங்களைப் பார்க்கிற உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் 'மிஸ்' என்போம். பள்ளிக்கூடத்துக்கு வேறு வேலையாக வந்தவர் சான்றிதழைப் பார்த்துவிட்டார்.

"சேர், எங்கட சங்கத் தலைவிமாருக்கு மேடையில கதைக்கப் பழக்க ஒரு ஆள் வேணும். நீங்கள்தான் பொருத்தம்."

"மிஸ், எனக்கே பேச வராது."

"நீங்கள் கதைக்கத் தேவையில்லை. மூச்சு விடப் பழக்கினால் காணும்."

மூச்சுதானே, பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டுதானே இருக்கிறோம் என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து நான் 'மூச்சு சேர்'. இப்போதும் பஜாரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வகுப்பு கொட்டகலை பஜாரில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில். பக்கத்திலேயே ஸ்டேஷன். நாலு எண்ணிப் பிடித்து வைத்திருக்கும்போது ரயில் ஹோர்ன் அடிக்கும். என் எண்ணிக்கை யாருக்கும் கேட்காது. பாவம், சில பேர் கடைசிப் பெட்டி போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலம் பாரித்து இருப்பார்கள்.

முதல் சனிக்கிழமை பன்னிரண்டு பேர் வர வேண்டும். பதினொரு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள். எடுத்த எடுப்பிலேயே அசத்திவிட வேண்டும் என்று, கண்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த 'வண்டு மூச்சை'த் தொடங்கினேன். கண்ணை மூட வேண்டும். இரண்டு காதையும் விரலால் அடைக்க வேண்டும். தலையைக் கொஞ்சம் குனிந்து, மூச்சை விடும்போது வண்டுபோல 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போட வேண்டும். பதினொரு பேரும் நானும் சேர்ந்து போட்டோம். தகரக் கூரைக்குக் கீழே அது நன்றாகத்தான் அதிர்ந்தது. ஆகா, என்ன அமைதி என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்ட அந்த நேரத்தில்தான் பன்னிரண்டாவது ஆள், அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் மாறிப் பிந்தி வந்தவர், கதவைத் திறந்தார்.

அவர் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான். ஒரு கூட்டம் பெண்கள் தலையைக் குனிந்து, காதைப் பொத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருக்கிறார்கள். மேலே கூரையில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். நடுவில் ஒரு மடையன் மட்டும் நின்றுகொண்டிருக்கிறான். மலையில் வேலை செய்கிற யாருக்கும் அது ஒன்றைத்தான் சொல்லும். குளவி கலைந்தால் ஓடக்கூடாது, குந்த வேண்டும், தலையை மூட வேண்டும். அக்கா ஒரே பாய்ச்சலில் வந்து மடையனைத் தள்ளிப் படங்கைப் போர்த்தினார்.

மற்றவர்கள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கீழே கடை முதலாளி மேலே வந்துவிட்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"கொளவி இல்லியா?"

"இல்லக்கா. இது வண்டு மூச்சு. மனசு அமைதியாகிறதுக்கு."

"நல்ல மூச்சே இருக்கயில எதுக்கு சேர் வண்டு மூச்சு?"

படங்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கதவோரக் கதிரையில் போய் உட்கார்ந்தார். உட்கார்வதற்கு முன்னால் கூரையின் நாலு மூலையையும் அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கு என் சட்டையில் இரண்டு பொத்தான் போயிருந்தது.

தேயிலை மலைகளுக்கு நம்பர் உண்டு. அக்காவின் தோட்டத்தில் அவர் பெயரிலேயே இன்னும் மூன்று பேர் இருந்ததால், அவர் எந்த நேரமும் நிற்கிற ஏழாம் நம்பர் மலையையே பெயராக வைத்துவிட்டார்கள். அப்போது ஐம்பதை எட்டியிருப்பார். ஒல்லி, ஆனால் பஸ்ஸில் யாரும் இடித்து உட்காரமாட்டார்கள். எங்கே போனாலும் வாசலில் நின்று மேலே பார்ப்பார். கோயிலுக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் சாமியைப் பார்ப்பார். ஒரு தடவை லீக்ஸ் கொண்டுவந்து கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே என் மனைவியிடம், "பீலி மூலையில ஒண்ணு கட்டியிருக்கு தங்கச்சி. சின்னதுதான். ஆனா இன்னிக்கே பாருங்க" என்றார். கூரைத் தண்ணீர் ஓடுகிற அந்தப் பீலியை நான் முதல் நாள்தான் ஏணி வைத்துச் சுத்தம் செய்து, பெருமையாகச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வீட்டு விஷயத்தில் என் வார்த்தைக்கு இருந்த கொஞ்ச மதிப்பும் போயிற்று.

வகுப்பில் அக்கா கண்ணை மூடவே மாட்டார். நான் கெஞ்சிப் பார்த்தேன்.

"ஒரு நிமிசம் மூடுங்கக்கா. ஒண்ணும் ஆகாது."

"நீங்க மூடிக்கங்க சேர். எல்லாரும் மூடிக்கங்க. ஒருத்தராவது முழிச்சிருக்கணும்ல, நான் இருக்கேன்."

முழித்திருந்ததோடு விட்டாலும் பரவாயில்லை, முடிந்ததும் கணக்குச் சொல்வார். இன்னார் தூங்கிவிட்டார், இன்னார் போன் பார்த்தார். "சேர் ஒத்தக் கண்ண தொறந்து நாலு தரம் மணி பாத்தாரு" என்றார் ஒருநாள். உண்மைதான். பன்னிரண்டரை பஸ்ஸை விட்டால் எனக்கு ஒன்றரை மணிவரை பஸ் கிடையாது.

நாலு எண்ணி மூச்சை இழுங்கள் என்றால், "மேட்டுக்கா சேர், பள்ளத்துக்கா?" என்பார். நான் விளங்காமல் முழிப்பேன். கூடை நிறையக் கொழுந்தோடு மேடு ஏறும்போது ஒரு மூச்சு, இறங்கும்போது வேறு மூச்சு, மழையில் படங்கு நனைந்து பாரமாக இருந்தால் அதற்கு ஒன்று. நாலு வரை எண்ணிக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவள் கூடையால் இடிப்பாள் என்றார். என் கண்டிக் கொப்பியில் சமதரை மூச்சு மட்டும்தான் இருந்தது.

பேச விட்டால்தான் வேடிக்கை. படியில் ஏறும்போது கேட்டால், கீழே கடையில் ஆணி நிறுக்கிறவருக்கும் கேட்கும்படி பேசுவார். முன்னால் வந்து நில்லுங்கள் என்றால் வருவார், நிற்பார், வாயைத் திறப்பார். ஒன்றும் வராது. கை மெதுவாகத் தொண்டைக்குப் போகும். அப்படியே நிற்பார். கண் மட்டும் கூரையில் இருக்கும்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கண்டியில் பழக்கிய மாஸ்டர் மாதிரி, "பதட்டத்தை விரட்டாதீங்கக்கா. சும்மா பாருங்க. அது மேகம் மாதிரி. வரும், போகும்" என்பேன்.

"எங்க மலையில மேகம் வந்தா நாலு நாளைக்குப் போகாது சேர்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பதினொரு பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். இந்த ஒரு ஆளால் என் பெயர் கெடப் போகிறது என்று நினைத்தேன். கெடுவதற்கு என்னிடம் என்ன பெயர் இருந்தது என்று யோசிக்கவில்லை.

ஆறாவது சனிக்கிழமை வகுப்பு முடிந்து மழை பிடித்துக்கொண்டது. பஸ் வரும்வரை கடையோரத் தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கி நின்றோம். பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா தானாகத்தான் ஆரம்பித்தார்.

"நான் எதுக்கு வாறேன்னு தெரியுமா சேர்?"

"சங்கத் தலைவிங்கிறதால மிஸ் அனுப்பினாங்க."

"மிஸ் வேற ஆளத்தான் எழுதினாங்க. நான்தான் கேட்டு வந்தேன்."

போன வருடம் ஏழாம் நம்பரில், இருபத்திரண்டு வருடமாக அவருக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த கூட்டாளி இருந்திருக்கிறார். கீழ்ரோட்டுப் பக்கம் ஒரு சவுக்கு மரத்தில் குளவிக் கூடு. பருந்து ஒன்று வந்து அதைக் கொத்தியிருக்கிறது. அதை முதலில் கண்டது அக்கா.

"அவ குனிஞ்சு எடுத்துக்கிட்டிருந்தா. நான் பாத்துட்டேன் சேர். கொளவின்னு ஒரு சத்தம், அவ்வளவுதான் வேணும். வாயத் தொறந்தேன். வரல. தொறந்த வாய் தொறந்தபடி நிக்கிறேன். எல்லாம் முடிஞ்ச பெறகுதான் கத்தினேன். கொழுந்து லொறியிலதான் அவள ஏத்துனாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகயிலயே…"

பிளேன்டீயை வைத்துவிட்டு, கழுத்துக் கயிற்றில் தொங்கிய விசிலை இழுத்துக் காட்டினார்.

"அப்புறம் ஒரு விசில் வாங்கிக் கழுத்துல போட்டேன். அதுக்கும் மூச்சு வேணுமே சேர்."

கவாத்து வெட்டி விட்டிருந்த ஏழாம் நம்பர் மறுபடி தழைத்துவிட்டது. அதே மூலையில் மறுபடி கூடு, போன வருடத்தைவிடப் பெரிது. அடுத்த மாதம் அங்கே ஆள் இறக்கப் போகிறார்கள். கங்காணியிடம் சொன்னால் கணக்கப்பிள்ளையிடம் சொல் என்கிறார், அவரிடம் சொன்னால் பார்ப்போம் என்கிறார். எங்கள் பயிற்சி முடிகிற நாளில் அவர் தோட்டத்து மண்டபத்தில் கூட்டம், தோட்டத்தை நடத்துகிற தொரை வருவார், மிஸ் வருவார், தலைவிமார் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். தொரைக்கு நேரில் சொல்ல அக்காவுக்குக் கிடைக்கப்போகிற ஒரே மூன்று நிமிடம் அதுதான்.

"எனக்குப் பயம் போக வேணாம் சேர். பயம் இருந்துட்டுப் போகட்டும். சத்தம் வரணும். அதுக்கு ஏதாச்சும் இருக்கா உங்ககிட்ட?"

என்னிடம் என்ன இருந்தது? லெமினேட் பண்ணின சான்றிதழ் இருந்தது. "நாலு எண்ணி…" என்று தொடங்கி எனக்கே வெட்கமாகிவிட்டது. பிளேன்டீயைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

கூட்ட நாள் வந்தது, அதுவும் ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை ஏழாம் நம்பரில் ஆள் இறங்குவது என்று காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் சொல்லியாயிற்று. மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்குக் குறையாது. பாதிப் பேர் மலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். முன்னால் துணி விரித்த மேசை, மூன்று கதிரை. ஒன்றில் தொரை, ஒன்றில் மிஸ், ஒன்றில் நான். தொரை சின்ன வயசு, சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். வந்ததிலிருந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு வேறு எங்கோ போக வேண்டுமாம்.

மிஸ் என் பக்கம் சாய்ந்து, "சேர், ரெண்டு நிமிஷம் மட்டும். பிறகு அக்காமார் கதைக்கட்டும். முதல் ஆளா ஏழாம் நம்பர் அக்கா" என்றார்.

ஏழு வரி எழுதி வைத்திருந்தேன். மைக்கை வாங்கினேன். கூட்டத்தைப் பார்த்தேன். முந்நூறு கண். ஏழு வரியும் போயிற்று. சட்டைப் பையில் கையை விட்டால் பேப்பரைக் காணவில்லை. மற்றப் பையிலும் இல்லை. தொண்டைக்குள் தேடியதில் எனக்குப் பழக்கமான ஒரே ஒரு வசனம் மட்டும் கையில் சிக்கியது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க."

மூடினார்களே! எங்கள் சனம் மைக்கில் சொன்னால் கேட்கிற சனம். மிஸ் மூடினார். தொரையும் மூடினார். ஒரு கண்கூட என்னைப் பார்க்கவில்லை. என் நாற்பது வருட வாழ்க்கையில் மேடையில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோசம் அது. நானும் கண்ணை மூடிக்கொண்டு, நாலு எண்ணி இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள் என்றேன். சுகமாக இருந்தது. இன்னொரு சுற்றுப் போனேன். "உங்கள் பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள்" என்றேன். மேகத்தைக் கூட்டிவந்தேன். வண்டு மூச்சை மட்டும் விட்டுவைத்தேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. விட மனமே வரவில்லை ஐயா. இரண்டு நிமிடம் என்றவன் பதினொரு நிமிடம் எடுத்தேன் என்று மிஸ் பிறகு சொன்னார்.

அந்தப் பதினொரு நிமிடமும் அக்காவுடையது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

உறைக்காத நேரத்தில் நடந்ததைப் பிறகு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தொரையின் போன் அதிர்ந்திருக்கிறது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். ஊரே கண்ணை மூடியிருக்கிறது. இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? தொப்பியை எடுத்துக்கொண்டு, சப்பாத்துச் சத்தம் கேட்காமல், சுவரோரமாகப் பக்கக் கதவுக்கு நடந்திருக்கிறார். வெளியே ஜீப் நிற்கிறது. திங்கட்கிழமைக்கு முன்னால் அவரை மறுபடி பிடிக்க முடியாது. மண்டபத்தில் திறந்திருந்தது ஒரே ஒரு ஜோடிக் கண்.

"கொளவீ!"

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ரயில் ஹோர்ன் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

"கொளவி! தெபரு! குந்துங்க! குந்துங்க!" தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மூச்சில் வந்தது.

மண்டபம் மொத்தமும் ஒரே ஆளாகக் குந்தியது. ஒருவர்கூட ஓடவில்லை. படங்கும் முந்தானையும் சாக்கும் தலைக்கு மேலே போயின. மிஸ் கதிரைக்குக் கீழே போய், "எங்கை? எங்கை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்தபோது மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. மைக் கையிலேயே இருந்திருக்கிறது. அதனால் என் மூச்சு ஒலிபெருக்கி வழியாக மண்டபம் பூராகவும், வெளியே கோயிலடிவரைக்கும், ஹுஸ் ஹுஸ் என்று கேட்டது. நாலு, ஆறு எல்லாம் இல்லை. கோழி துரத்தினவன் மூச்சு. பக்கக் கதவடியில் தொரை, தொப்பியால் முகத்தை மறைத்து, முழங்காலுக்குள் தலையைச் செருகிக் குந்தியிருந்தார்.

கொஞ்ச நேரம் என் மூச்சைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. இரைச்சல் வரவில்லை. ஒவ்வொரு படங்காக விலகியது. நடுவில் அக்கா ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இங்க இல்ல" என்றார். "இங்க கொளவி இல்ல. எல்லாரும் எந்திரிங்க. தொர, நீங்களும் எந்திரிங்க. ஏழாம் நம்பர்ல இருக்கு. கீழ்ரோட்டுப் பக்கம் மூணாவது சவுக்கு. இந்த மேச அளவு இருக்கு. திங்கக்கெழம எங்கள அங்கதான் எறக்கப் போறீங்க. இப்ப நீங்க குந்துனீங்கள்ல தொர, அப்புடிக் குந்த அங்க எடமில்ல. சரிவு. போன வருசம் நான் கத்தியிருக்கணும். கத்தல. ஒரு ஆளு போயிருச்சு. அதான் இன்னிக்கிக் கத்துனேன்."

குரல் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்து, மேலே கூரையைப் பார்த்தார்.

தொரை எழும்பி முழங்காலைத் தட்டினார். முகம் சிவந்திருந்தது. திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நூற்றைம்பது பேர் அவர் குந்தியதைப் பார்த்துவிட்டார்கள், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "மூணாவது மரமா?" என்று கேட்டார்.

"மூணாவது."

"வந்து காட்டு."

"வாங்க, காட்டுறேன்."

இருவரும் ஜீப்பில் ஏறிப் போனார்கள். அன்று சாயங்காலமே புகை போட்டுக் கூட்டை இறக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை அக்கா முன்னால் போய் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்து, கையைக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் நிரையில் இறங்கினார்கள். யாருக்கும் கொட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கீழ்ரோட்டில் ஒரு வாகனமும் நின்றது. பிறகு வந்த தொரைமார் காலத்தில் வாகனம் நின்ற நாளும் உண்டு, நிற்காத நாளும் உண்டு. அக்கா மட்டும் ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை.

எனக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். புகழ் வந்தது! 'மூச்சு சேர் என்ன மூளைக்காரன், எல்லாரையும் கண்ணை மூட வைத்து, தொரையை அசையாமல் பிடித்து வைத்து, அக்காவைக் கத்த வைத்திருக்கிறாரே' என்று பேசிக்கொண்டார்கள். மிஸ் அறிக்கையில் 'புதுமையான அணுகுமுறை' என்று எழுதினார். தலவாக்கலையிலிருந்து, ஹட்டனிலிருந்து எல்லாம் கூப்பிட்டார்கள். நான் மறுத்தேனா? ம்ஹூம். சும்மா அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என்னையே ஒரு அறை விடலாம்போல இருக்கிறது. அன்றைக்குத் தொரை மட்டும் இன்னும் பத்து அடி நடந்திருந்தால், ஏழாம் நம்பரிலிருந்து இன்னொரு ஆளைக் கொழுந்து லொறியில் ஏற்ற வேண்டி வந்திருக்கும். அதற்குக் காரணம் குளவி இல்லை, நான். இதை யாரிடமும் சொல்லாமல் எட்டு வருடம் இருந்தேன்.

போன மாதம் ஒரு காலையில் போன் வந்தது.

"சேர், நான்தான். வேலைய விட்டுட்டேன். மக வத்தளைக்கு வரச் சொல்லிருச்சு. ரயில்ல வந்துக்கிட்டிருக்கேன், இப்ப தலவாக்கலை தாண்டிருச்சு. கொட்டகலையில ரெண்டு நிமிசம் நிக்கும். வாங்களேன்."

உடுத்திருந்த சாரத்துக்கு மேலே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். நான் ஸ்டேஷன் மேடைக்குள் நுழையும்போது ரயில் நின்றுவிட்டது. ஜன்னலோரத்தில் அக்கா. தலை நரைத்திருந்தது. மடியில் பை, பைக்கு மேலே மடித்த நீலப் படங்கு. தேயிலை மலையே இல்லாத வத்தளையில் அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"மூச்சு வாங்குது பாருங்க. மூச்சு சேருக்கே மூச்சு வாங்குது" என்று சிரித்தார்.

இரண்டு நிமிடம்தான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"அக்கா, அன்னைக்கு மண்டபத்துல நான் ஒரு திட்டமும் போடல. பேச்சு மறந்துபோச்சு. பேப்பரும் தொலைஞ்சுபோச்சு. பயத்துலதான் கண்ண மூடச் சொன்னேன். உங்க நேரத்த நான்தான் தின்னுட்டேன்."

"தெரியும் சேர்."

"தெரியுமா?"

"பேப்பர் எங்க தொலைஞ்சிச்சு? உங்க காலுக்குக் கீழதான் கெடந்துச்சு. அது மேல நின்னுக்கிட்டுத்தான் பாதத்தக் கவனிங்க, பாதத்தக் கவனிங்கன்னு சொன்னீங்க. காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு. நான்தான் முழிச்சிருந்தேனே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"எட்டு வருசமா ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"பயந்தவங்களக் காட்டிக் குடுக்கலாமா சேர்? வாயத் தொறந்து சத்தம் வராம நிக்கிறது எப்புடின்னு எனக்குத் தெரியாதா?"

கார்ட் விசில் ஊதினார். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் போறேன். இனி உங்க வகுப்புல யாரு முழிச்சிருப்பா?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன்க்கா!" என்று கத்திக்கொண்டே கூடவே நடந்தேன். நாலு எண்ணவில்லை. குரல் நடுங்கியது. மேடையில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே பார்த்தார். கையை வெளியே நீட்டி என்னவோ காட்டினார். "சேர், மேல! மேல பாருங்க!" என்றது மட்டும் ரயில் சத்தத்தில் கேட்டது.

அண்ணாந்து பார்த்தேன். ஸ்டேஷன் கூரையின் ஓரத்தில், விளக்குக்குப் பின்னால், இரண்டு கை சேர்த்த அளவில் ஒன்று தொங்கியது. நாலைந்து குளவி அதன் மேலே ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே எதிர் ரயிலுக்குக் காத்து, வாங்கில் உட்கார்ந்தும் நின்றும், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தாய்மார், ஒரு வடைக்காரர் என்று முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். ஒருத்தரும் மேலே பார்க்கவில்லை.

கால் நடுங்கியது. வாயைத் திறந்தேன். சத்தம் வந்தது.